ஏழு வீட்டுக்கு ஆறு கடப்பு

உசனார் மேசன் என்று சொன்னால் காத்தான்குடியில் எல்லோருக்கும் அந்த ஏழு வீட்டு வரிசைதான் ஞாபகம் வரும். மட்டக்களப்பு வாவிப் பக்கமாக, நெசவுக்காரக் குடும்பங்களுக்கென்று அவர் கட்டியது. ஒரே கூரை, ஏழு வீடு, நடுவில் ஆறு கடப்பு. முதல் வீட்டுப் பெண்ணுக்கு உப்பு முடிந்துவிட்டால் கடைசி வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டே போகலாம். றோட்டில் கால் வைக்க வேண்டியதில்லை. "பொம்பிளையள்ட மனசறிஞ்சு கட்டின மேசன்" என்று புகழ்வார்கள். அவர் எனக்கு மச்சான் முறை, என் ராத்தாவின், அதாவது அக்காவின், கணவர். புகழ்கிறவர்கள் சொல்வதை எல்லாம் நான் கேட்டுக்கொண்டிருப்பேன். முகத்தில் ஒன்றும் காட்ட மாட்டேன். காட்டுவதற்கு உள்ளேயும் பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை.

ஆனால் அவர் கடப்பு வைத்துப் பேர் வாங்குவதற்கு முன்னால் ஒரு கடப்பை அடைத்தவர். அது ஊருக்கு மறந்துவிட்டது. அடைத்தது என் வீட்டுக் கடப்பு என்பதால் எனக்கு மறக்கவில்லை.

வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்கு வாப்பா வீடு கட்டிக் கொடுப்பார், மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். ஆகவே சகோதரிகளின் வீடுகள் அடுத்தடுத்து இருக்கும். இரண்டு வீட்டுக்கும் நடுவே, பெண்கள் புழங்கும் பக்கமாக, ஓர் ஆள் போய்வரச் சுவரில் ஒரு வழி விட்டிருப்பார்கள். அதற்குக் கதவு கிடையாது. அதைத்தான் கடப்பு என்போம். றோட்டு ஆண்களுடையது. நாங்கள் றோட்டில் இறங்க வேண்டுமென்றால் குடை வேண்டும், துணைக்கு ஆள் வேண்டும், போகிற காரணத்தை நாலு பேருக்குச் சொல்ல வேண்டும். கடப்பால் போவதற்கு ஒரு காரணமும் வேண்டாம்.

வாப்பாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள். மூத்தவள் சபூரா, இளையவள் நான், ஸஹீதா. எங்கள் இரண்டு வீட்டையும் வாப்பா ஒட்டினாற்போலக் கட்டியிருந்தார். இரண்டு வீட்டுச் சமையலறைக்கும், எங்கள் பேச்சில் குசினிக்கும், ஒரே சுவர். அந்தச் சுவரில்தான் கடப்பு. அதன் அடிப்படி நல்ல அகலம். காலை வேலை முடிந்ததும் ராத்தா தன் பக்கம் காலைப் போட்டு உட்காருவாள். நான் என் பக்கம். நடுவில் சுளகு இருக்கும். கீரை ஆய்வோம், அரிசியில் கல் பொறுக்குவோம். அந்தப் படியில் இருக்கும்போது நான் அவள் வீட்டுக்குப் போனவளும் இல்லை, அவள் என் வீட்டுக்கு வந்தவளும் இல்லை. ஆகையால் விருந்தாளிக் கதை பேச வேண்டியதில்லை. இன்றைக்கு என்ன கறி என்று கேட்டால் ஒன்றுமில்லை என்று உண்மையைச் சொல்லலாம்.

ராத்தாவுக்கு ஏறாவூரிலிருந்து மாப்பிள்ளையாக வந்தவர் உசனார் மச்சான். பேச்சு குறைவு, கோபம் அதிகம். வேலையில் மட்டும் குறை சொல்ல முடியாது. தூக்குக்குண்டு கோணலாகத் தொங்கினாலும் அவர் சுவர் கோணாது என்பார்கள். எனக்கு வாய்த்தவர் உள்ளூர் மஜீட். வீட்டிலேயே குழித்தறி வைத்து ஆண்கள் உடுக்கும் சாரம் நெய்வார். பேச்சு அதிகம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டுதான் இருந்தார்கள், 1927ஆம் ஆண்டு மாரி வரும் வரைக்கும்.

அந்த வருடம் மச்சான் தன் பக்க முற்றத்தை மண் போட்டு உயர்த்தினார். மழை வந்தது. அவர் முற்றத்துத் தண்ணீர் எங்கள் பக்கம் இறங்கித் தறிக்குழியை நிரப்பியது. தறியில் ஏற்றியிருந்த பாவு நூல் நனைந்து போயிற்று. மஜீட் வாசலில் நின்று, அக்கம்பக்கமெல்லாம் கேட்கும்படி, "ஏறாவூர்ல இருந்து வந்தவரு எங்கட வளவுக்கு மேடு பள்ளம் பாக்கிறாரு" என்றார். வந்த மாப்பிள்ளையிடம் சொல்லக் கூடாத பேச்சு அது. மறுநாள் மச்சான் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் குழைத்துக்கொண்டு குசினிக்குள் வந்தார்.

நாங்கள் இருவரும் படியில்தான் இருந்தோம்.

"எழும்புங்க ரெண்டு பேரும்" என்றார்.

எழும்பினோம். சுளகை ராத்தா எடுத்துக்கொண்டாள், ஆய்ந்த கீரையை நான் எடுத்துக்கொண்டேன். ஆளுக்கொரு பக்கம் நின்று பார்த்தோம். ஒருவரும் எங்களைக் கேட்கவில்லை. நாங்களும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாளில் கோபம் ஆறும், பிறகு உடைத்துவிடுவார் என்று நினைத்தேன். ராத்தாவும் அப்படித்தான் நினைத்திருப்பாள். கல் வரிசை நெஞ்சு உயரத்துக்கு மேலே ஏறும்போது அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு கல் தடிப்புள்ள ஒற்றைக்கல் சுவரே அந்த இடத்துக்குப் போதும். மச்சான் இரட்டைக்கல் வைத்தார்.

இரண்டு நாள் இரண்டு வருடமாயிற்று. பேச்சுச் சத்தம் சுவரைத் தாண்டவில்லை. வாசலால் போய் வரலாம்தான். ஆனால் மனிசன்மார் பேசாத வீட்டுக்குப் பெண் வாசலால் போனால் அது ஊருக்குச் செய்தி. இரண்டு கல்யாண வீட்டில் சந்தித்தோம். பெண்கள் கூட்டத்துக்குள் நெருக்கி உட்கார்ந்து ராத்தா என் கையைப் பிடித்தாள். பேச ஒன்றும் அகப்படவில்லை. நாள்தோறும் பேசிக்கொண்டிருந்தால்தான் பேச்சு இருக்கும் போலிருக்கிறது. பதினொரு வருடம் பிள்ளையில்லாமல் இருந்த என் ராத்தா முழுகாமல் இருக்கிறாள் என்பதை எனக்குச் சொன்னவள் வாசலில் மீன் விற்க வந்த நாகரெத்தினம். அடுத்த சுவருக்குப் பின்னால் இருக்கிற செய்தி மீன் கூடையோடு றோட்டைச் சுற்றி வந்தது.

அதே நாகரெத்தினம் ஒரு கிழமை கழித்து இன்னொன்றும் சொன்னாள். அடைத்த கடப்பின் மேல் மச்சான் சட்டிபானை வைக்கப் பலகை அடிக்கப் போகிறாராம். அது என்னைச் சுட்டது. பலகை அடித்தால் அந்த இடம் இனிச் சுவர்தான். திறக்கிற எண்ணம் அவருக்கு இல்லையென்று ஆகிவிட்டது.

1929ஆம் ஆண்டு, ஒரு திங்கட்கிழமை. மஜீட் சாரக்கட்டோடு மட்டக்களப்புக்குப் போயிருந்தார். நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரம் இருக்கும். நான் அடுப்படியில் இருந்தேன். கடப்பு இருந்த இடத்தில், சுவரின் அந்தப் பக்கம், தட்டுகிற சத்தம் கேட்டது. டொக், டொக் என்று விட்டு விட்டு. பலகை அடிக்கத் தொடங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

ஆறு வயது மகள் றம்லா பக்கத்தில் இருந்தாள். "உம்மா, பெரியம்மா தட்டுறா" என்றாள்.

"உன்ட பெரியப்பா பலகை அடிக்கிறாரு. பேசாம இரி" என்றேன்.

சத்தம் நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டது. எனக்குக் கோபம் வந்தது. அடி, நல்லாய் அடி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, அரிசியையும் சுளகையும் தூக்கிக்கொண்டு, றம்லாவின் கையைப் பிடித்து முன்னறைக்குப் போய்விட்டேன். அங்கே ஒன்றும் கேட்காது.

மச்சான் அன்றைக்கு வீட்டிலேயே இல்லை. பெரியகல்லாற்றில் வயல்காரப் போடியார் ஒருவருக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார். பின்னேரம், அஸர் நேரத்துக்குப் பிறகு வந்து அவர் அலறிய சத்தம் வாசல் வழியாக எனக்குக் கேட்டது. தலையில் முந்தானை இல்லாமல் றோட்டில் இறங்கி ஓடினேன். நான் அப்படி ஓடியது அந்த ஒரு தடவைதான்.

ராத்தா குசினிச் சுவரில் சாய்ந்தபடி இருந்தாள். ஏழு மாதம். தரையெல்லாம் இரத்தம். பக்கத்தில் உலக்கை கிடந்தது. சுவரில், அவள் உட்கார்ந்து கை எட்டுகிற உயரத்தில், வெள்ளைப் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிந்தது. வாசல் நாற்பது அடி தூரம். அவளால் போயிருக்க முடியாது. கத்தியிருக்கலாமே என்று பிறகு பலர் சொன்னார்கள். றோட்டுக்குக் கேட்கும்படி பெண் குரல் எழுப்பக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். ஆபத்தென்றால் கடப்பில் கூப்பிடுவோம். அவள் கடப்பில் கூப்பிட்டாள்.

மச்சான் அந்தச் செங்கல்லைத் தடவிக்கொண்டே வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்: "ரெட்டைக்கல்லு வச்சிட்டன். சத்தம் போயிருக்காது. நான்தான் ரெட்டைக்கல்லு வச்சன்."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நானும் அங்கேதான் நின்றேன். கேட்டது என்று சொல்வதற்கு வாய் வரவில்லை. பயமென்றும் சொல்ல மாட்டேன். பயம் என்றால் நெஞ்சு அடித்திருக்கும். ஒன்றுமே இல்லை, கை மரத்துப் போனால் கிள்ளினாலும் தெரியாதே, அப்படி. ராத்தாவின் மையத்தை, அந்த உடலை, அடக்கத்துக்கு எடுத்த பிறகு றம்லாவைக் கூட்டிக்கொண்டு அறைக்குள் போனேன்.

"நீ ஒண்டும் கேக்கல்ல. விளங்கிச்சா?"

அவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. சின்னப் பிள்ளை, மறந்துவிட்டாள் என்று வைத்துக்கொண்டேன்.

மனிசன்மாரின் சண்டை மையம் சுமந்த சந்தூக்கோடு போய்விட்டது. அவளுக்கு மண் போட்ட கபுறடியிலேயே இருவரும் கட்டிப் பிடித்து அழுதார்களாம். இரண்டு வருடமாக எங்களுக்குக் கிடைக்காதது அவர்களுக்கு ஒரு நிமிடத்தில் கிடைத்தது. நான் அழவில்லை. நாற்பதாம் நாள் கத்தம் வரைக்கும் வந்தவர்களுக்குச் சோறு போட்டேன். பெண்கள் "ஸஹீதாட மனசு கல்லு" என்றார்கள். அதில் பிழையில்லை.

மனைவி போன பிறகு எங்கள் ஊரில் ஆணுக்கு வீடில்லை. ராத்தாவுக்குப் பிள்ளையும் இல்லாததால் வீடு என் கைக்கு வந்தது. மச்சான் உடுப்பையும் மேசன் கரண்டியையும் தூக்குக்குண்டையும் எடுத்துக்கொண்டு வெளியேறினார். மறுமணத்துக்குப் பலர் கேட்டார்கள், மாட்டேன் என்றுவிட்டார். வேலை நடக்கிற இடத்தில் ஓலைக் கொட்டில் போட்டுக்கொண்டு இருப்பார். ராத்தாவின் வீட்டை நான் பூட்டி வைத்தேன். அடைத்த கடப்பை நான் ஆள் வைத்து உடைத்திருக்கலாம். உடைக்கவில்லை. ஒவ்வொரு பெருநாளைக்கும் என் பக்கத்துக்கு வெள்ளை மட்டும் பூசினேன்.

1936இல் ஒருநாள் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சுருட்டிய தாள். மட்டக்களப்பில் புடவைக் கடை வைத்திருந்த ஹமீட் முதலாளி தனக்கு நெய்கிற ஏழு குடும்பத்தை ஒரே இடத்தில் குடிவைக்க நினைத்து, ஓவசியர் ஒருவரைக் கொண்டு போடுவித்த பிளான் அது. மச்சான் முன்னறையில் உட்கார்ந்தார். நான் வழக்கம்போலக் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"ஸஹீதா புள்ள, ஒண்டு கேக்கணும். நீங்க ரெண்டு பேரும் அந்தப் படியில எப்பிடி இரிப்பீங்க?"

ஏழு வருடத்தில் அவர் என்னிடம் ராத்தாவைப் பற்றிப் பேசியது அதுதான் முதல்தடவை.

"எப்பிடி எண்டா?"

"கால எங்க போடுவீங்க, சுளகு எங்க இரிக்கும். எனக்கு அளவு வேணும். அண்டைக்கு எழும்புங்க எண்டு மட்டும்தான் சொன்னன். எப்பிடி இரிந்தீங்க எண்டு பாக்கல்ல."

ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு குசினித் தரையில் உட்கார்ந்தேன். எதிரில் ராத்தா இருப்பதாக வைத்துக்கொண்டு காலை மடித்தேன், நடுவில் சுளகை வைத்தேன், இரண்டு இடத்தில் முடிச்சுப் போட்டேன். கதவிடுக்கால் கயிற்றை நீட்டினேன். அவர் வாங்கி மடியில் வைத்து முடிச்சைத் தடவினார்.

பிறகு பிளானை விரித்து வைத்துக்கொண்டு மஜீட்டிடம் பேசினார், எனக்கும் கேட்கத்தான். ஏழு வீட்டுக்கும் பின்முற்றத்தில் ஆறு மதில். மதிலில் ஒரு துவாரமில்லை. கிணறு வரிசையின் கடைசியில், றோட்டோரத்தில். "முதலாவது வீட்டுப் பொம்பிளை தண்ணிக்கு எப்பிடிப் போவா? ஆறு வாசலைத் தாண்டி றோட்டாலயா? போக மாட்டா. மனிசன் அள்ளிக் குடுக்கும் வரைக்கும் இரிப்பா. கிணறு நாலாவது வீட்டுக்குப் பின்னால வரணும். அப்பதான் எல்லாரும் கடப்பால வருவாங்க. தண்ணிக்கு எண்டு வந்தா ஒரு கதையும் வரும்."

"சரிதான் மச்சான்" என்றார் மஜீட்.

"குசினிக்குக் குசினி நடுவில ஒத்தக்கல்லுத்தான். தறி இரிக்கிற பக்கம் வேணுமெண்டா ரெட்டைக்கல்லு வைக்கலாம். குசினியில வைக்கப்படாது. ரெட்டைக்கல்லு சத்தத்த விடாது. அது எனக்குத் தெரிஞ்ச மாதிரி ஆருக்கும் தெரியாது."

கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு அது விடும் என்று தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

முதலாளி இலேசில் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பேச்சின்போது மஜீட் கூட இருந்ததால் எனக்குத் தெரியும்.

"ஏழு குடும்பம், ஒண்டுக்கொண்டு சொந்தமில்ல. கடப்ப வச்சா நாளைக்குச் சண்டை வரும், உசனார். பஞ்சாயத்துக்கு என்ட கடைக்குத்தான் வருவாங்க" என்றாராம் முதலாளி.

"வரட்டும் முதலாளி. சண்டை புடிக்கவும் பக்கத்தில ஆள் வேணும்தானே."

நெசவுக்காரர்கள் வேறு காரணம் சொன்னார்கள். சகோதரிகள் வீட்டுக்கு நடுவே கடப்பு இருக்கலாம்; அந்நிய ஆண்கள் இருக்கிற வீட்டுக்கு நடுவே எப்படி? அது நியாயமான கேள்விதான். மச்சான் மூன்று நாள் மணலில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். பிறகு இப்படிச் செய்தார். ஒவ்வொரு கடப்புக்கும் எதிரே ஒரு சிறு மறைப்புச் சுவர். உள்ளே வருகிறவள் ஒருதரம் திரும்பித்தான் வர வேண்டும், நேரே பார்த்தால் சுவர்தான் தெரியும். ஒரு கடப்புக்கு நேரே அடுத்தது வராது. உயரம், இடுப்பில் குடம் வைத்த பெண் நிமிர்ந்து போகுமளவு மட்டும். "ஆம்பிளை வாறதெண்டா குனியணும். குனியிற நேரத்துக்குள்ள அவருக்குப் புத்தி வந்திரும்" என்றார். நெசவுக்காரர்கள் சிரித்து ஒத்துக்கொண்டார்கள். அடிப்படி மட்டும் ஆறு கடப்பிலும் ஒரே அளவு. என் கயிற்றின் அளவு. ராத்தாவும் நானும் சுளகும்.

கதவும் வைக்கச் சொன்னார்கள். அவர் நிலையே வைக்கவில்லை, நிலை இல்லாத இடத்தில் கதவு எங்கே போடுவது?

ஏழு குடும்பமும் குடிவந்த பிறகு ஒருநாள் புடவை கட்டி மறைத்த மாட்டுக் கரத்தையில் அந்த வரிசையைப் பார்க்க என்னைக் கூட்டிப் போனார்கள். முதல் வீட்டில் றஸீனா என்ற பெண் இருந்தாள், ஓட்டமாவடிப் பக்கத்திலிருந்து வந்தவள். அவள் என்னைக் கடப்புக் கடப்பாகக் கூட்டிப் போனாள். ஒரு படியில் இரண்டு பேர் பேன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்ததில் ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு மற்றவளைத் திட்டிக்கொண்டிருந்தாள். கோழி போய் மா உலர்த்திய பாயைக் கிளறிவிட்டதாம். திட்டு வாங்கியவள் எழும்பிப் போகவில்லை. ஐந்தாவது கடப்பில் ஒருமுறை சண்டை முற்றிச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டார்களாம். "பதினொரு நாள்தான் ராத்தா. பிறகு சாக்கக் கழட்டி ரெண்டு பேரும் கால் துடைக்கப் போட்டிரிக்காங்க, பாருங்க" என்று றஸீனா காட்டினாள். அவளுக்குப் பிள்ளை பிறந்தபோது குசினிச் சுவரில் ஒரு தட்டுத் தட்டினாளாம். மருத்துவிச்சி வருவதற்கு முன்னால் ஆறு வீட்டுப் பெண்களும் வந்து நின்றார்களாம்.

"ஒரு தட்டுத்தான் தட்டினன்" என்று அவள் திரும்பவும் சொன்னாள்.

"நல்லது" என்றேன். நல்லதுதான். எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வாவிப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது, நான் கரத்தைக்குப் போக வேண்டும் என்றேன்.

அதற்குப் பிறகு மச்சானுக்கு வேலை ஓயவில்லை. இரண்டு வீடு, மூன்று வீடு ஒட்டிக் கட்டுகிறவர்கள் எல்லாம் உசனார் கடப்பு வேண்டும் என்றார்கள். கிறிஸ்தவர் ஊரான தன்னாமுனையிலிருந்துகூட வந்து கூப்பிட்டார்கள். அவர் கட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த கொட்டிலுக்குப் போவார்.

1940இல் றம்லாவுக்கு நிக்காஹ் பேசி முடித்தோம். ராத்தாவின் வீட்டைத்தான் அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தோம். உம்மா வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் நடுவே அடைத்த சுவர் இருக்க முடியாது. மஜீட் போய் மச்சானைக் கூட்டி வந்தார். "வேற மேசன் வேணாம். அடைச்சவரே திறக்கட்டும்" என்றார். அவர் அதை மரியாதையாக நினைத்துத்தான் சொன்னார்.

பதினொரு வருடத்துக்குப் பிறகு ராத்தாவின் குசினியைத் திறந்தோம். பூச்சு உதிர்ந்த இடம் அப்படியே இருந்தது. மச்சானுக்குத் தாடி முழுக்க நரைத்திருந்தது. உளியையும் சுத்தியலையும் கீழே வைத்துவிட்டு, மூலையில் கிடந்த உலக்கையை எடுத்தார்.

"புள்ள, உடைச்சிட்டா பிறகு பாக்க ஏலாது. ஒரு உதவி செய். றம்லாவையும் கூட்டிக்கொண்டு உன்ட குசினிக்குப் போ. அண்டைக்கு நீ எங்க இரிந்தாயோ அங்க இரி. நான் இஞ்ச இரிந்து தட்டுறன். கேக்குதா எண்டு சொல்லு."

நான் சுற்றிக்கொண்டு என் குசினிக்குப் போனேன். அடுப்படியில் உட்கார்ந்தேன். பதினேழு வயது றம்லா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், அன்றைக்கு இருந்த அதே இடத்தில். நான் அவளை அங்கே இருக்கச் சொல்லவில்லை.

டொக், டொக். விட்டு விட்டு. பலமாகத் தட்டவில்லை அவர். இரத்தம் போய்க்கொண்டிருக்கிற ஒரு பெண் தட்டுகிற அளவுக்குத்தான் தட்டினார். ஒவ்வொன்றும் தெளிவாக வந்து விழுந்தது. நின்றது. மறுபடி வந்தது. றம்லா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் உலக்கையை வைத்துவிட்டு முற்றத்தைச் சுற்றி வந்து எங்கள் குசினிக் கதவுக்கு வெளியே நின்றார்.

"கேட்டிச்சா புள்ள?"

ஓம் என்று ஒரு சொல்தான். ஓம் மச்சான், கேட்டது, அன்றைக்கும் கேட்டது, உங்கள் இரட்டைக்கல்லில் பிழையில்லை. அதைச் சொல்லியிருந்தால் பதினொரு வருடமாக அவர் சுமந்தது இறங்கியிருக்கும், என்மேல் ஏறியிருக்கும். றம்லா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல மச்சான். ஒண்டும் கேக்கல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அவர். எதற்கு இறைவனைப் புகழ்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

"அப்ப ரெட்டைக்கல்லுத்தான். பிழை என்னோடதான். அது எனக்குப் பழகிட்டு. ஆனா புள்ள, ஒரு யோசனை மனசுக்குள்ள கிடந்து அரிச்சிட்டிரிந்திச்சு. கேட்டும் வராம இரிந்திருப்பியோ எண்டு. எங்கட சண்டைய மனசில வச்சு... உன்ன அப்பிடி நெனச்சிட்டன். சபூரா அப்பிடி நெனச்சிட்டு மௌத்தாகியிருப்பாளோ எண்டும் நெனச்சன். உன்ன நெனச்சது பாவம். என்னப் பொருந்திக்க."

எங்களில் ஒருவர் பொருந்திக்கொள்ளச் சொல்லி மன்னிப்புக் கேட்டால் மாட்டேன் என்று சொல்லக் கூடாது.

"பொருந்திக்கிட்டன் மச்சான்" என்றேன்.

அவர் போய் உடைக்கத் தொடங்கினார். மேல் வரிசையில் ஒரு கல் பெயர்ந்ததும் அவர் விரல் தெரிந்தது. கல்லை முழுசாகவே எடுத்து எடுத்து என் பக்கம் நீட்டினார். நான் கையில் வாங்கி அடுக்கினேன். முகம் தெரிகிற அளவுக்குத் திறந்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார், முகம் மட்டும் தெளிந்திருந்தது. ராத்தா சிரித்த இடத்தில் அவர் முகம். நான் அடுத்த கல்லுக்குக் கை நீட்டினேன்.

நாலு வருடம் கழித்துக் காய்ச்சலில் மச்சான் மௌத்தானார். பள்ளியில் தொழுகைக்கு முன்னால், இவரிடம் யாருக்காவது குறை இருந்தால் பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்டபோது எல்லோரும் பொருந்திக்கொண்டோம் என்றார்களாம். ஏழு வீட்டுப் பெண்கள் மூன்று நாள் சமைத்து அனுப்பினார்கள். பள்ளியில் கேட்டதை மஜீட் வந்து சொன்னார், நான் சாப்பாட்டை இறக்கி வைத்தேன்.

எங்கள் கடப்பு திறந்துதான் இருக்கிறது. அடிப்படியை அவர் அதே அளவில் புதுப்பித்துத் தந்தார், கயிற்றை அவர் இன்னும் வைத்திருந்தார். றம்லா நல்ல மகள். ஒரு நாளைக்குப் பத்துத் தரம் அதால் வருவாள். கறி கொண்டு வருவாள், பிள்ளையைத் தந்துவிட்டுப் போவாள், எனக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்தில் இருப்பாள். காலை வேலை முடிந்ததும் நான் சுளகை எடுத்துக்கொண்டு போய்ப் படியில் என் பக்கமாக உட்காருவேன். அவள் என்னைத் தாண்டிக் காலெடுத்து வைத்துப் போவாள். ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை.